குமரிக் கரையில் இருந்துகொண்டு யாட் கிளப்பில் சேருவது எப்படி?

கோயம்புத்தூரிலிருந்து வேலை மாற்றலாகிக் குளச்சல் வந்திருக்கிறீர்கள். மொட்டைமாடியில் ஏறினால் கடல் தெரிகிறது. உங்களுக்கும் 11 வயது மகளுக்கும் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொள்ள ஆசை. பக்கத்தில் யாட் கிளப் ஏதாவது இருக்கிறதா, சொந்தப் படகு இருந்தால்தான் சேர்ப்பார்களா, அதெல்லாம் பணக்காரர்கள் சமாச்சாரமா, நீச்சல் குளத்தில் பழகிய நீச்சல் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இந்தக் கடற்கரை ஊர்க்காரன், சென்னையில் வேலை பார்த்த காலத்தில் வார இறுதிகளில் மற்றவர்கள் படகில் ஆளாக ஏறி ஓட்டப் பழகியவன். அதனால் இரண்டு பக்கத்தையும் வைத்துச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

நேரடியான பதில் முதலில். நம் மாவட்டத்தில் யாட் கிளப் கிடையாது. 70 கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை, ஆரோக்கியபுரம் தொடங்கி நீரோடி வரை ஒன்றையொன்று ஒட்டினாற்போல் மீனவ ஊர்கள், சின்னமுட்டம், முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் என்று மீன்பிடித் துறைமுகங்கள், இவ்வளவும் இருந்தும் ஒரு பிள்ளை பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொள்ள ஓர் இடம் இல்லை. இது எனக்கு எப்போதும் ஆதங்கமான விஷயம், அதைக் கடைசியில் பேசுகிறேன். இப்போதைக்கு உங்களுக்கு வழி சென்னை. அங்கே இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று ராயல் மெட்ராஸ் யாட் கிளப், 1911இல் தொடங்கியது, சென்னைத் துறைமுகத்தை உருவாக்கியதில் பெரும் பங்குள்ள சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் முன்நின்று தொடங்கியது, இன்றும் துறைமுக எல்லைக்குள்ளேயே இருக்கிறது. இன்னொன்று தமிழ்நாடு செய்லிங் அசோசியேஷன். சிறுவர்களைப் பழக்குவதில் அவர்களுக்கு நல்ல பெயர். இரண்டுமே புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்துகிறவை.

கேரளா கிட்டத்தில்தானே இருக்கிறது, கொச்சி போகலாமே என்று தோன்றும். கொச்சி போல்காட்டியில் இருப்பது மரினா, அதாவது படகு வைத்திருப்பவர்கள் வந்து கட்டிப்போடும் துறை. மரினா வேறு, கிளப் வேறு. இணையத்தில் தேடும்போது இரண்டும் கலந்துதான் வரும், ஏமாந்துவிடாதீர்கள். அதேபோல 'கோவளம்' என்று தேடினால் மூன்று ஊர் வரும். கன்னியாகுமரிக்கு மேற்கே நம் கோவளம், திருவனந்தபுரத்துக் கோவளம், சென்னைக்குத் தெற்கே அலைச்சறுக்கு நடக்கிற கோவளம். அலைச்சறுக்கு வகுப்புக்குப் பணம் கட்டிவிட்டு நம் கோவளத்தில் வந்து நிற்காதீர்கள்.

இனி, சொந்தப் படகு. வேண்டாம். இப்போது வேண்டவே வேண்டாம். கிளப்பில் சேருவதற்கும் படகு வாங்குவதற்கும் சம்பந்தமில்லை. கிளப்பிடம் சொந்தமாகப் படகுகள் இருக்கும், பயிற்சிக்கு வருகிறவர்கள் அதைத்தான் ஓட்டுவார்கள். அதுபோகப் படகு வைத்திருக்கிற உறுப்பினர்களுக்கு எப்போதும் ஆள் தேவைப்படும், இரண்டு பேர் ஓட்டுகிற படகில் ஒருவர் வரவில்லை என்றால் அன்றைக்குப் படகு கரையிலேயே கிடக்கும். காலையில் சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கிற, சொன்னதைக் கேட்கிற, ஓட்டி முடிந்ததும் ஓடிவிடாமல் படகைக் கழுவ நிற்கிற ஆளை யாரும் விடமாட்டார்கள். நான் படகுக்கென்று ஒரு ரூபாய் போட்டதில்லை, ஆனால் எத்தனையோ படகுகளில் ஏறியிருக்கிறேன். அப்படித்தான் இந்த உலகத்துக்குள் நுழைய வேண்டும். படகோடு நுழைகிறவர்கள் பாதிப்பேர் ஒரு வருஷத்தில் படகை விற்றுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

பணக்காரர் சமாச்சாரமா என்றால், உறுப்பினர் கட்டணத்தை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தெரியும். பொதுவாக நடைமுறை இதுதான்: விண்ணப்பம், உங்களை முன்மொழிய ஓர் உறுப்பினர், வழிமொழிய இன்னொருவர், கமிட்டி முன்னால் ஒரு பேச்சு, அப்புறம் நுழைவுக் கட்டணம், மாதச் சந்தா. யாரையும் தெரியாத ஊரில் முன்மொழிய ஆளுக்கு எங்கே போவது? அதற்குத்தான் முதலில் பயிற்சி வகுப்பில் சேருங்கள் என்கிறேன். பயிற்சிக்கு உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. அங்கே உங்களோடு ஈரத்தில் நிற்கிறவர்கள்தான் நாளைக்கு உங்கள் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடப்போகிறவர்கள். கமிட்டியும் அதைத்தான் பார்க்கும், உங்கள் உத்தியோகத்தை அல்ல.

பணம் கட்டுவதற்கு முன்னால் அலுவலகத்தில் நேரில் இருந்து சில விஷயங்களைத் தெளிவாகக் கேளுங்கள். வெளியூர் உறுப்பினர் என்று தனி வகை உண்டா, சந்தா குறையுமா? குடும்ப உறுப்பினர் என்றால் மகளும் அதற்குள் வருவாளா, இல்லை இளையோர் உறுப்பினர் என்று தனியாகக் கட்ட வேண்டுமா? கிளப் படகை எடுக்கும்போது மணிக்கணக்கில் வாடகை உண்டா? படகு உடைந்தால் யார் கொடுப்பது? மீட்புப் படகு தண்ணீரில் இல்லாத நேரத்தில் ஓட்ட விடுவார்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு 'ஆமாம், நீங்கள் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்' என்று எந்த இடத்திலாவது பதில் வந்தால், புது ஆட்கள் அங்கே சேரக் கூடாது. துறைமுகத்துக்குள் இருக்கிற கிளப் என்றால் நுழைவு அனுமதி எப்படி என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள், அடையாள அட்டை இல்லாமல் வாசலிலேயே ஒரு காலைப்பொழுது போய்விடும்.

சந்தா எங்கே போகிறது என்று தெரிந்தால் மனசு ஆறும். உப்புக் காற்று எதையும் விட்டுவைக்காது, இரும்பு ஆணி முதல் கப்பி வரை அரித்துத் தின்னும். பாய் வெயிலில் நைந்துபோகும், கயிறு மாற்ற வேண்டும், மீட்புப் படகுக்கு எரிபொருள், படகு வைக்கிற இடத்துக்கு வாடகை, பயிற்சியாளர் சம்பளம். அதுவும் போதாமல் உறுப்பினர்களின் உழைப்பிலும்தான் கிளப் ஓடுகிறது. பந்தய நாளில் எல்லோரும் படகு ஓட்ட முடியாது. யாராவது தொடக்கக் கோட்டில் நின்று கொடி ஏற்ற வேண்டும், பந்தயம் தொடங்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஒரு கொடி, நான்கு நிமிஷம் இருக்கும்போது இன்னொரு கொடி, ஒரு நிமிஷம் இருக்கும்போது அதில் ஒன்று இறங்க வேண்டும், எல்லாம் நொடி பிசகாமல். யாராவது மிதவைகளைக் கொண்டுபோய்ப் போட வேண்டும். யாராவது மீட்புப் படகில் வெயில் காய வேண்டும். புது உறுப்பினர் இதற்கு முன்வந்து கை தூக்கினால் ஒரே மாதத்தில் எல்லோருக்கும் பெயர் தெரிந்துவிடும், பந்தயத்தின் நெளிவுசுளிவும் ஓட்டுகிறவர்களை விடச் சீக்கிரம் புரியும்.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். 11 வயது அருமையான வயது. உலகம் முழுக்கச் சிறுவர்கள் தொடங்குவது ஆப்டிமிஸ்ட் என்கிற படகில். நீளம் 2.3 மீட்டர், வெறும் படகின் எடை 35 கிலோ, ஒரே பாய், ஒரே பிள்ளை. பார்ப்பதற்குப் பெட்டி மாதிரி இருக்கும், ஆனால் 15 வயது வரை அதில் சர்வதேசப் பந்தயமே நடக்கிறது. அதைத் தாண்டினால் ஐஎல்சிஏ, பழைய பெயர் லேசர். அதில் ஒரு நல்ல ஏற்பாடு: படகு அதேதான், பிள்ளையின் எடைக்கும் பலத்துக்கும் தக்கபடி பாய்தான் பெரிதாகும். ஐஎல்சிஏ 4இல் பாய் 4.7 சதுர மீட்டர், 6இல் 5.76, 7இல் 7.06. நேத்ரா குமணன் ஓட்டுவது அந்த 6. சென்னைப் பெண். கோடை முகாமில் பாய்மரம் தொட்ட பிள்ளை, 2020இல் மயாமியில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் வெண்கலம் வாங்கினார், டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் பாய்மரப் படகில் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண், பாரிஸுக்கும் போனார். வேலூர்க்காரரான விஷ்ணு சரவணன் 7 ஓட்டுகிறவர், ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெண்கலம். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், மகளிடம் 'இதில் நம்ம ஊர்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள்' என்று காட்ட உங்களுக்கு ஆட்கள் வேண்டும்.

அதே ஹாங்சோ போட்டியில் ஐஎல்சிஏ 4இல் வெள்ளி வாங்கிய நேஹா தாக்கூர் கடலே இல்லாத மத்தியப் பிரதேசத்துப் பெண். போபால் பெரிய ஏரியில் பழகியவர். ஹைதராபாத்தில் ஹுசேன் சாகர் ஏரியில் பிள்ளைகள் பழகுகிறார்கள். கற்றுக்கொள்வதற்கு முதலில் வேண்டியது கடல் இல்லை, அடங்கிய தண்ணீரும் ஒரு சீரான காற்றும் கரையில் கண் வைத்திருக்கும் ஓர் ஆசிரியரும்தான். குளச்சலில் வீட்டு வாசலிலேயே கடல் இருக்க, சென்னைக்கு எதற்குப் போக வேண்டும் என்று உங்கள் வீட்டில் கேட்பார்கள். பதில் இதுதான். கோடை விடுமுறையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கவைத்து முகாமில் சேருங்கள், நாகர்கோவிலில் சாயங்காலம் ரயில் ஏறினால் விடியும்போது எழும்பூர். இன்னும் இரண்டு மூன்று வருஷத்தில் அவளுக்கு என்சிசி வயது வந்துவிடும். கடற்படைப் பிரிவு உள்ள பள்ளி எது என்று இப்போதே விசாரித்து வையுங்கள். அங்கே பாய்மரம் பயிற்சியின் ஒரு பகுதி, ஒடிசாவில் ஐஎன்எஸ் சில்காவில் அகில இந்தியப் போட்டியே நடத்துகிறார்கள், வீட்டுக்குச் செலவும் கிட்டத்தட்ட இல்லை.

நீச்சல் பற்றிக் கேட்டீர்கள். குளத்து நீச்சல் தொடங்குவதற்குப் போதும். ஆனால் உடுப்போடும் லைஃப் ஜாக்கெட்டோடும் நீந்திப் பழகியிருக்க வேண்டும், தண்ணீர் முகத்தில் அடிக்கும்போது பதறாமல் இருக்க வேண்டும். ஏனென்றால் முதல் வாரத்திலேயே படகைக் கவிழ்க்கச் சொல்வார்கள். வேண்டுமென்றே. பிள்ளைகளுக்கு இதுதான் பிடித்த பாடம், பெற்றோருக்குத்தான் வயிற்றைப் பிசையும், அதனால் எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். படகு ஒருபக்கம் சாய்ந்து பாய் தண்ணீரில் படுத்துவிடும். விழுந்த பிள்ளை முதலில் செய்ய வேண்டியது படகைப் பிடித்துக்கொள்வது. கரை எவ்வளவு பக்கத்தில் தெரிந்தாலும் படகை விட்டு நீந்தக் கூடாது. அப்புறம் பாயை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிறு எங்கும் சிக்காமல் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அது இறுக்கமாக இருந்தால் நிமிர்ந்த வேகத்தில் படகு மறுபக்கம் கவிழும். அடிப்பக்கம் சுற்றி வந்தால் நடுப்பலகை (படகின் நடுவிலிருந்து அடியில் தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் பலகை) தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும், அதைப் பிடித்துத் தொங்கி, ஏறி நின்று, விளிம்பைப் பிடித்துப் பின்னால் சாய்ந்தால், முதலில் ஒன்றும் நடக்காது. பாய்க்குள் இருக்கிற தண்ணீர் வழியக் கொஞ்ச நேரம் ஆகும். அந்த நேரத்தில்தான் பிள்ளைகள் 'வரல, வரல' என்று கத்துவார்கள். பொறுமையாகச் சாய்ந்தபடியே நின்றால் பாய்மர நுனி மெல்ல மேலே கிளம்பும், அப்புறம் சட்டென்று நிமிரும். ஆப்டிமிஸ்டில் காற்றுப் பைகள் இருப்பதால் முழுகாது, ஆனால் உள்ளே தண்ணீர் நிறைந்திருக்கும், கயிற்றில் கட்டி வைத்திருக்கும் குவளையால் இறைத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். இதை ஆறேழு தடவை செய்த பிள்ளைக்குக் கடல் மேல் இருக்கும் பயம் மரியாதையாக மாறிவிடும். பெரியவர்களுக்கும் இதே பாடம்தான், நீங்களும் தப்ப முடியாது.

இனி, ஏன் இங்கேயே ஒரு படகை வாங்கிக் குளச்சல் கரையில் இறக்கிப் பழகக் கூடாது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நீங்கள் வெளியூர் என்பதால் இது முக்கியம்.

நம் கடல் திறந்த கடல். தெற்கே அண்டார்டிகா வரை மறிப்பதற்குப் பெரிய நிலப்பரப்பு கிடையாது. தென் இந்தியப் பெருங்கடலில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் புயல் அடித்தால், அதில் கிளம்பிய நெடிய அலை சில நாள் கழித்து இங்கே வந்து சேரும். இங்கே காற்றே இருக்காது, வானம் தெளிவாக இருக்கும், கடல் மட்டும் திடீரென்று ஏறி அடிக்கும். கள்ளக்கடல் என்று சொல்வது இதைத்தான். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் இறந்தது அப்படிப்பட்ட எச்சரிக்கை இருந்த நாளில்தான். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் இந்த எச்சரிக்கையை முன்கூட்டியே வெளியிடுகிறது, கன்னியாகுமரிக் கடற்கரைக்குத் தனியாகவே வரும். அதைப் படிக்கும்போது அலையின் உயரத்தை மட்டும் பார்க்காமல் எத்தனை விநாடிக்கு ஓர் அலை என்பதையும் பாருங்கள். உயரம் குறைவாகவே இருந்தாலும் 15 விநாடிக்கு மேல் இடைவெளி என்றால் அந்த அலைக்குப் பின்னால் நிறையத் தண்ணீர் வருகிறது என்று அர்த்தம்.

அடுத்தது காற்று. வைகாசி பிறந்தால் மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும்பும், ஆனி ஆடியில் உச்சம். ஆரல்வாய்மொழிக் கணவாயில் முப்பந்தல் காற்றாலைகள் எல்லாம் இந்தக் காற்றை நம்பித்தான் நிற்கின்றன. அந்த மாதங்களில் அனுபவமுள்ள மீனவர்களே கடலின் முகம் பார்த்துத்தான் இறங்குவார்கள். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலமும் இருக்கும். (சின்னமுட்டம் கிழக்குக் கரைக் கணக்கு, அங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஒரே மாவட்டத்தில் இரண்டு தடைக்காலம்.) விவேகானந்தர் பாறைக்குப் போகும் பூம்புகார் கழகப் படகையே கடல் சரியில்லை என்று நிறுத்திவிடுகிறார்கள் என்றால், நான்கு மீட்டர் படகுக்கு அங்கே என்ன வேலை? மார்கழி முதல் பங்குனி வரைதான் மேற்குக் கரையில் கடல் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும்.

அடங்கிக் கிடக்கும் அந்த மாதங்களில்தான் புது ஆட்கள் மாட்டிக்கொள்கிற ஒரு விஷயம் இருக்கிறது. விடியற்காலையில் காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகும். கரையோரம் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், பார்த்தால் இறங்கச் சொல்லும். இறங்கினால் காற்று உங்களை நேராக வெளியே கொண்டுபோகும், போகப் போகக் காற்றும் கூடும், அலையும் கூடும், திரும்பினால் அதே காற்று முகத்துக்கு நேரே. பாய்மரப் படகு காற்றுக்கு நேர் எதிரே ஓடாது, ஏறக்குறைய 45 பாகை சாய்த்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வெட்டி வெட்டித்தான் ஏற முடியும். அது ஒழுங்காக வர எனக்கு ஒரு பருவமே பிடித்தது. அது தெரியாதவர் கரைக்காற்றில் இறங்கினால் மீட்கத்தான் ஆள் போக வேண்டும்.

ஆனால் இதே காற்றை வைத்துத்தான் நம் ஆட்கள் பிழைத்தார்கள். என் சித்தப்பா கட்டுமரத்தில் போன தலைமுறை. இரவு மூன்று மணிக்கு எழுந்து கரைக்காற்றில் பாயை விரித்தால் துடுப்பு போடாமலேயே மீன் படும் இடம் வரை கொண்டுபோய் விடும். வெயில் ஏற ஏற நிலம் சூடாகி, பகல் பதினொன்று பன்னிரண்டு மணிக்குக் காற்று திரும்பிக் கடலிலிருந்து கரைக்கு அடிக்கும், அதில் பாயை மாற்றிப் போட்டுத் திரும்பி வருவார்கள். வலை இழுப்பது எப்போது முடிய வேண்டும் என்பதையும் அந்தக் காற்றுதான் தீர்மானிக்கும். 80களுக்குப் பிறகு அவுட்போர்டு எஞ்சின் வந்து பாய் மெல்ல மறைந்தது, முட்டத்தில் ப்ளைவுட் வள்ளம் கட்டத் தொடங்கினார்கள், உடம்பு கொஞ்சம் தப்பித்தது. அதில் எனக்கு வருத்தமில்லை, கட்டுமரத்தில் இடுப்பளவு நனைந்து உட்கார்ந்து போவது சுகமான தொழில் இல்லை. ஆனால் பாய் ஓட்டிய கைகள் இன்னும் நம் ஊர்களில் எழுபது வயதில் கரையில் உட்கார்ந்து வலை பொத்துகின்றன. சென்னைக்குக் கிளம்பும் முன்னால் நீங்களும் மகளும் போய்ப் பழக வேண்டியது அவர்களிடம்தான்.

எப்படிப் போவது? காலையில் மீன் ஏலம் நடக்கும்போது போய் யாரையும் பேச்சுக்கு இழுக்காதீர்கள், அது காசு பார்க்கிற நேரம். நம் கடலோர ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை தொழிலுக்குப் போவதில்லை, கோயில் முடிந்து சாயங்காலம் கரையில் ஆட்கள் இருப்பார்கள். 'தாத்தா, இப்போ அடிக்கிறது என்ன காத்து?' என்று மகளைக் கேட்கச் சொல்லுங்கள். சின்னப் பிள்ளை கேட்டால் சொல்லாத கிழவர் கிடையாது. சித்தப்பா என்னிடம் செய்தது அதுதான். பேசிக்கொண்டே இருக்கும்போது திடீரென்று 'மக்ளே, கொடிமரத்துல கொடி எங்கோட்டு பறக்கு? தண்ணி எங்கோட்டு போவுது?' என்பார். இரண்டும் ஒரே பக்கமா எதிரெதிரா என்று சொல்ல வேண்டும். காற்றும் நீரோட்டமும் எதிரெதிராக இருந்தால் அலை குத்தலாக நிற்கும், படகு அடி வாங்கும். கிளப்பில் சேர்ந்து வெகுநாள் ஆனவர்கள்கூடக் காற்றுக்கருவியைப் பார்த்துவிட்டு நீரோட்டத்தை மறந்துவிடுவார்கள். எனக்கு அது மறக்கவே மறக்காது. பாயை ஏற்றும் ஆஞ்சான் கயிற்றை எங்கே கட்டுவது, பாயைத் தாங்கும் குறுக்குக் கழியான பருமலை எவ்வளவு சாய்ப்பது என்றெல்லாம் அவர்கள் மணலில் கோடு போட்டுக் காட்டுவதற்கும், கிளப்பில் பயிற்சியாளர் வெள்ளைப் பலகையில் வரைவதற்கும் வித்தியாசம் ரொம்பக் குறைவு.

ஒரு விஷயம், வள்ளத்தில் ஏற்றிக் கூட்டிப்போகச் சொல்லி யாரையும் வற்புறுத்தாதீர்கள். மீன்பிடிப் படகில் வெளியாட்களை ஏற்றினால் பிரச்சினை அவர்களுக்குத்தான். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு கடலோரக் காவல் கெடுபிடி கூடிவிட்டது, மீனவருக்கே அடையாள அட்டை கேட்கிறார்கள். அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண்கள் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்: கடலோரக் காவல் 1093, இந்தியக் கடலோரக் காவல்படையின் மீட்பு உதவிக்கு 1554.

பின்னால் ஒருநாள் நீங்களே ஓட்டும் நிலைக்கு வரும்போது தெரிய வேண்டிய சட்டம் ஒன்று உண்டு, இதை நம் பக்கத்தில் ஓட்டப்போகிற எவரும் மறக்கக் கூடாது. இரண்டு பாய்மரப் படகு எதிர்ப்பட்டால், காற்றை வலப்பக்கம் வாங்கி ஓடும் படகுக்குத்தான் வழி, மற்றது விலக வேண்டும். எஞ்சின் படகு பாய்மரப் படகுக்கு விலக வேண்டும். இந்த இரண்டையும் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் வலை போட்டுத் தொழிலில் இருக்கும் படகுக்குப் பாய்மரப் படகு விலக வேண்டும் என்பதும் அதே சர்வதேச விதிகளில் இருக்கிறது. 'எனக்குத்தான் முன்னுரிமை' என்று வலை மிதவைகளுக்கு நடுவே புகுந்து போகிறவரை இந்தக் கரையில் யாரும் இரண்டாவது தடவை இறங்க விடமாட்டார்கள், அது நியாயமும்கூட.

இப்போது அந்த ஆதங்கம். தூத்தூர்ப் பக்கத்து ஆட்கள் ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கிச் சுறா பிடிக்கிறவர்கள், 2017இல் ஒக்கி புயல் வந்தபோது அவ்வளவு உயிர் போனதற்கு அவர்கள் அவ்வளவு தூரம் போகிறவர்கள் என்பதும் ஒரு காரணம். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கடலைப் பற்றி இருக்கிற அறிவு எந்த கிளப்பிலும் விலைக்குக் கிடைக்காது. அவர்கள் ஒலிம்பிக் படகில் உட்கார வேண்டியவர்கள். ஆனால் யாட் கிளப் என்றால் தங்களுக்கு இல்லை என்று அவர்களே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கடற்படை அதிகாரி ரூபா அழகிரிசாமி, புதுச்சேரிக்காரர், தோழி தில்னாவோடு ஐஎன்எஸ்வி தாரிணி என்ற பாய்மரப் படகில் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து கிளம்பி உலகத்தைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பி வந்தார், இரண்டே பெண்கள், வெறும் காற்றை நம்பி. அந்தச் செய்தி நம் கடலோரப் பள்ளி ஒவ்வொன்றிலும் ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.

இங்கே ஒரு சின்னக் குழு தொடங்க முடியாதா என்றால் முடியும் என்றுதான் நினைக்கிறேன். பெரிய கட்டடமெல்லாம் வேண்டாம், நான்கு ஆப்டிமிஸ்ட், எஞ்சின் வைத்த ஒரு வள்ளம் மீட்புக்கு, பூட்டி வைக்க ஒரு கொட்டகை. மணக்குடியில் பழையாறு கடலில் சேரும் கழிமுகத்துத் தண்ணீரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும், ஆனால் அது பறவைகளுக்கான காப்பகத்தோடு சேர்ந்த இடம், வனத்துறை சம்மதம் இல்லாமல் துடுப்பு வைக்கக் கூடாது, கடல்வாயை நெருங்கவும் கூடாது. துறைமுகத் தடுப்புச் சுவருக்குள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இன்னும் நடைமுறைக்கு ஒத்துவரும், படகுப் போக்குவரத்து அன்றைக்குக் குறைவு. எங்கே தொடங்கினாலும் முதலில் ஊர்க்கமிட்டி, பங்குத்தந்தை, அப்புறம் மீன்வளத்துறை, மாவட்ட விளையாட்டு அலுவலர், இந்த வரிசையில் போங்கள். ஊரைக் கேட்காமல் மனுவோடு கலெக்டர் அலுவலகம் போனால் காகிதம் கிடைக்கலாம், கரை கிடைக்காது. உங்களைப் போல வெளியிலிருந்து வந்த ஒருவர், ஊர்ப் பிள்ளைகள் முதலில், தன் மகள் அவர்களோடு ஒருத்தி என்று சொல்லிக்கொண்டு வந்தால் நான் கூட நிற்பேன்.

அதற்கு முன்னால் இந்த மாதம் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கோடை முகாம் இடங்கள் சீக்கிரம் நிரம்பும், மார்ச்சுக்குள் சென்னைக்குப் பேசிவிடுங்கள். கைக்கயிறு ஒரு மீட்டர் வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு சுருக்கு இறுகாத வளைய முடிச்சைப் போட இரண்டு பேரும் பழகுங்கள், நாற்காலிக் காலில் போட்டுப் பார்த்தாலே போதும். முகாமில் ஜாக்கெட் கொடுப்பார்கள், ஆனால் மகளின் அளவுக்கு ஒன்று சொந்தமாக வாங்குவது நல்லது. வாங்கும்போது கடையிலேயே போட்டு, வார் எல்லாம் இறுக்கி, தோள்பட்டை இரண்டையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் நழுவி அவள் காது வரை ஏறினால் அது பெரிது, தண்ணீரில் தலைக்கு மேல் கழன்று போகும். 'வளர்கிற பிள்ளை, ஒரு அளவு கூட வாங்கிக்கலாம்' என்று கடைக்காரர் சொன்னால் கேட்காதீர்கள்.